மேல் தட்டு

சாய்ந்தமருது
21.01.2024

அன்பு மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். காலையில் போனில் கதைத்துவிட்டு மாலையில் கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன வந்தது என்று நினைப்பீர்கள். போனில் உங்களோடு கதைப்பது வீடு முழுவதும் சேர்ந்து கதைப்பது மாதிரி. மூத்தவள் ஸம்றா ஸ்பீக்கரில் போடுகிறாள். மருமகன் பஹ்மி, "மாமா, அங்க குளிரா?" என்று வருடம் முழுவதும் அதே கேள்வியைக் கேட்கிறார். இளையவள் அம்ஹா கம்பஸ் கதை சொல்கிறாள். கடைசியில் போன் என் கைக்கு வரும்போது "சாப்பிட்டீங்களா" என்பதைத் தவிர ஒன்றும் மிச்சமிருப்பதில்லை. கல்யாணமான புதிதில் நீங்கள் ரியாத்தில் இருந்தபோது எழுதிக்கொண்டோமே, அப்படிக் கொஞ்சம் எழுதிப் பார்க்க ஆசை. எதிர்வீட்டு ஸஹீத் லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதையும் தொதலையும் கொடுத்துவிடுகிறேன். தொதலை அறையில் இருப்பவர்களுக்கும் கொடுங்கள். கடிதத்தைக் கொடுக்காதீர்கள்.

ஸம்றாவின் பெயருக்கு வீட்டை எழுதியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் உம்மா எனக்குத் தந்தார், நான் அவளுக்குத் தந்தேன். நம் பக்கத்தில் வீடு அப்படித்தான் கை மாறும். ஆனாலும் மச்சான், குசினியில் சீனி டின்னை எங்கே வைப்பது என்று இப்போது அவளிடம்தான் கேட்கிறேன். அவள் "என்ன உம்மா இது, உங்கட வீடுதானே" என்கிறாள். என் வீடாக இருந்த காலத்தில் யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

அதனால்தான் மொட்டை மாடிப் பிளேட்டுக்கு ஏறிப் போவது பிடிக்கிறது. நீங்கள் தூணுக்கென்று விட்டுவைத்த கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றனவே, அவற்றோடு சேர்த்துக் கட்டித்தான் நாலு தட்டு இறாக்கை நிறுத்தியிருக்கிறோம். மேலே பச்சை வலை. ஒவ்வொரு தட்டிலும் குழாய், குழாயில் ஓட்டை, ஓட்டையில் தென்னந்தும்பு, தும்பில் செடி. கீழ்த் தட்டுகளுக்கு வெயில் விழாததால் எல்ஈடி விளக்கு. நான் டிப்ளோமாவில் படித்த விவசாயம் மண்ணில் தொடங்கும். இதில் மண்ணே இல்லை. சொந்தமாக ஒரு முழம் நிலம் மிச்சமில்லாத ஊரில் இதுதான் சரி என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அம்ஹா ஒரு சின்ன போர்டில் சென்சர்களைப் பொருத்தி, தண்ணீரின் அளவு, புளிப்பு, உப்பு, சூடு எல்லாம் போனில் தெரியும்படியும், பம்ப்பைப் போனிலிருந்தே போடும்படியும் செய்துவிட்டாள். உங்கள் போனிலும் போட்டிருப்பதாகச் சொன்னாள். மணிக்கொரு படம் எடுக்கும் கமராவும் உண்டு. அதை இலைகளை மட்டும் பார்க்கும்படி திருப்பி வைத்திருக்கிறேன். உங்கள் அறையில் எத்தனை பேர் இருக்கிறார்களோ.

செப்டம்பரில் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு நினைவிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இன்னொன்று. மேல் தட்டு ஒன்று போட்டால் நல்லது என்று இப்போது எனக்கும் படுகிறது. இருக்கிற இடம் போதவில்லை. அம்ஹாவும் அதையே சொல்கிறாள். நீங்கள்தான் முடிவு சொல்ல வேண்டும்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினால் அது போனில் சொல்வது மாதிரி ஆகிவிடும். உங்கள் முதுகு வலி எப்படி?

உங்கள்
ஸுஹைறா


டோஹா
18.02.2024

அன்பு ஸுஹைறா,

வஅலைக்கும் ஸலாம். தொதல் வந்த அன்றே முடிந்துவிட்டது. கடிதம் இன்னும் முடியவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன். ஸஹீத் "என்ன காக்கா, காதல் கடிதமா?" என்று கேட்டான். "பசளைக் கணக்கு" என்றேன்.

உனக்கு எழுத்து வரும். எனக்கு வராது. என்ன நடக்கிறதோ அதைச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தை வெளியில் இருந்து பார்த்தால் சாமான் களஞ்சியம் என்றுதான் நினைப்பாய். ஜன்னல் கிடையாது. உள்ளே முகட்டைத் தொடும் வரை தட்டுகள். எல்லாவற்றிலும் சலாது இலை. ஊதா வெளிச்சம். கமராக்கள் ஒவ்வொரு இலையையும் பார்த்து, எதற்குச் சத்துக் குறைவு, எது நாளைக்கு வாடும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் எனக்குச் சொல்லும். நான் கண்ணாடி அறையில் இருந்துகொண்டு தண்ணீரைக் கூட்டுவேன், வெளிச்சத்தைக் குறைப்பேன். வெளியில் மணல் காற்று அடிக்கும். உள்ளே என்றைக்கும் ஒரே காலநிலை. சலாதுக்கு அது நல்லது. மனிசனுக்கு எப்படியென்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

அந்தத் திரைக்குப் பக்கத்திலேயே போனில் உன் தோட்டத்தையும் திறந்து வைத்திருக்கிறேன். தொட்டியில் தண்ணீர் ஏறினால், நீ சுபஹ் தொழுதுவிட்டு மேலே போய்விட்டாய் என்று தெரியும். விளக்கு அணைந்தால் அங்கே இரவாகிவிட்டது. பெரிய சூப்பர்வைசர் ஒரு நாள் எட்டிப் பார்த்து "அது எங்கட ஃபார்ம் இல்லையே?" என்று இங்கிலிஷில் கேட்டார். "அது ஹெட் ஒபிஸ்" என்றேன்.

போன கிழமை உப்பு ஒரேயடியாக ஏறியிருந்தது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றினாயா? நம் கடற்கரைக் கிணறு குளிக்கத்தான் சரி, செடிக்கு மழைத் தண்ணீரே விடு. ஒரு படத்தில் உன் கையும் வந்தது. கட்டைவிரலில் பிளாஸ்டர். போனில் கேட்டால் வீடே கேட்குமென்று கேட்கவில்லை. என்ன நடந்தது?

மேல் தட்டு விஷயம். நீயாகவே அதை எழுதியதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. போடத்தான் வேண்டும். அம்ஹாவும் வளர்ந்துவிட்டாள்தானே. "ஓம்" என்று ஒரு சொல் எழுது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

முதுகு பரவாயில்லை.

மசூர்


சாய்ந்தமருது
05.04.2024

அன்பு மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பின் கடைசிப் பத்தில் இருக்கிறோம். உங்களுக்கு முன்னமே எழுதியிருக்க வேண்டும். கஞ்சிக்கும் சம்பலுக்கும் நடுவில் ஒரு மாதம் ஓடிப்போயிற்று.

விரலில் பெரிதாக ஒன்றுமில்லை. குழாய் வெட்டும்போது வாள் வழுக்கியது. அதை நீங்கள் பார்த்தீர்கள் என்று படித்தபோது சும்மா உட்கார்ந்துவிட்டேன். இந்த வீட்டில் எல்லோரும் என்னோடுதான் இருக்கிறார்கள், அந்தப் பிளாஸ்டரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இப்போது கமராவுக்கு முன்னால் போகும்போது கையைக் கழுவிவிட்டுப் போகிறேன். சிரிக்காதீர்கள்.

உப்பு ஏறியதற்குக் காரணம் உங்கள் மருமகன். மாமிக்கு உதவி செய்யலாமென்று கிணற்று மோட்டாரைப் போட்டு என் தொட்டியை நிரப்பி வைத்துவிட்டார். "மாமி, ஃபுல்லா நிரப்பிட்டன்!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறார். அம்ஹா போனைக் காட்டினாள். அளவு சிவப்பில் நின்றது. எனக்குத் திட்டவும் மனமில்லை. அவர் தொழப் போன பிறகு இரண்டு பேரும் வாளி வாளியாக இறைத்து ஊற்றினோம். ஒரு தட்டு சலாது ஓரம் கருகிவிட்டது. மற்றவை தப்பின.

போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒன்று நடந்தது. நான் கீழே கஞ்சிக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். மேலே பம்ப் ஓடும் சத்தம். அம்ஹா வீட்டில் இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தால் குழாயில் தண்ணீர் சலசலவென்று போகிறது. நீங்கள்தான் அங்கிருந்து போட்டிருக்கிறீர்கள் என்று விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. பம்ப் நிற்கும்வரை அங்கேயே நின்றேன். நீங்கள் வந்து வேலை செய்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

புதினாவும் கொத்தமல்லியும் பறிக்கப் பறிக்கப் போகின்றன. கல்முனையில் ஒரு ஹோட்டல்காரர் சலாது இலை கிழமைதோறும் வேண்டுமென்று சொல்லியிருக்கிறார். நிந்தவூரில் இருந்தும் கேட்கிறார்கள். இப்படிப் போனால் நீங்கள் அங்கே பார்க்கும் வேலையை இங்கேயே பார்க்கலாம் என்று ஒரு நினைப்பு வருகிறது. நினைப்புத்தான்.

ஓம், மச்சான். மேல் தட்டு போடுங்கள். அம்ஹா வளர்ந்துவிட்டாள்தான், இனி அது அவளுக்கு எட்டாத உயரமில்லை. பெருநாளைக்குப் பிறகு தொடங்கினால் வசதி.

உங்கள்
ஸுஹைறா


டோஹா
12.05.2024

அன்பு ஸுஹைறா,

வஅலைக்கும் ஸலாம். உன் "ஓம்" கிடைத்த அன்று ஓவர்டைம் வேண்டாமென்று சொல்லிவிட்டுக் கடற்கரையில் போய் இருந்தேன். எட்டாத உயரமில்லை என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை வருடமும் இங்கே கிடந்தேன் போல இருந்தது.

மேசன் கச்சிமுகம்மது பாஸிடம் கதைத்துவிட்டேன். கல்லும் மணலும் முதலில் இறக்குவார். பிளானை அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு அறை, ஹோல், குசினி. அம்ஹாவின் வீட்டு வாசல் கடற்பக்கம் பார்க்கட்டும். கீழ் வீடு மூத்தவளுக்கு, மேல் வீடு இளையவளுக்கு. நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவன் முன்னால் தலை குனிய வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம் என்று மனேஜர் சொன்னார். அந்த இரண்டு வருடம் இருந்தால்தான் வேலை முடியும். நீயும் சம்மதம் சொல்லிவிட்டாய், இனி என்ன. கடதாசி வந்ததும் கையெழுத்துப் போடுவேன்.

உன் செடிகளைக் கொஞ்ச நாளைக்கு முற்றத்தில் இறக்கி வை. பிறகு பார்ப்போம்.

ஸுஹைறா, நீ இவ்வளவு லேசாகச் சம்மதிப்பாய் என்று நான் நினைக்கவில்லை. அல்லாஹ் உனக்கு நல்லதைத் தரட்டும்.

மசூர்


சாய்ந்தமருது
09.06.2024

அன்பு மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதமும் பாஸின் மணலும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. மணல்தான் முதலில் வந்தது.

கச்சிமுகம்மது பாஸ் மேலே ஏறிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "புள்ள, இந்தக் கீரைத் தட்டெல்லாம் கழட்டி எடுங்க. தூணுக்குக் கம்பி கட்டணும்" என்றார்.

"என்னத்துக்குக் கழட்டுற? மேல் தட்டு போடத்தானே வந்திரிக்கீங்க?"

"ஓம்கா, மேல் தட்டு போடத்தான் கழட்டச் சொல்றன்."

"நாலு தட்டையும் கழட்டினா அஞ்சாவது தட்ட எதுக்கு மேல போடுற, பாஸ்?"

மனிதர் என்னைப் பார்த்தார், இறாக்கையைப் பார்த்தார், அம்ஹாவைப் பார்த்தார். "மகள், உம்மாக்கு வெயில் கூடிப்போச்சு. உள்ளுக்குக் கூட்டிப் போங்க" என்றார். பிறகு எனக்கு விளங்கப்படுத்துகிறவர் மாதிரி கையை அகல விரித்து, "ஊடு, புள்ள! ஊடு! ரெண்டு ரூம், ஹோல், குசினி. மசூர் தம்பி பிளான் அனுப்பியிரிக்காரு" என்றார்.

அம்ஹா சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

பாஸ் போன பிறகு உங்கள் கடிதத்தை உடைத்தேன். இறாக்கைக்கு ஐந்தாவது தட்டு ஒன்று போடலாமா என்றுதான் நான் கேட்டேன், மச்சான். வேறொன்றையும் கேட்கவில்லை. அம்ஹா வளர்ந்துவிட்டாள் என்று நீங்கள் எழுதியதை, அந்த உயரத்துக்கு அவளுக்குக் கை எட்டும் என்று எடுத்துக்கொண்டேன். அவளை நிற்க வைத்து அளந்துகூடப் பார்த்தேன்.

இரண்டு பேரும் ஒரே சொல்லை எழுதிவிட்டு, வேறு வேறு சந்தோஷத்தில் இருந்திருக்கிறோம். உங்கள் சந்தோஷத்தை நினைத்தால் எனக்கு வலிக்கிறது, அதை நான்தான் தந்தேன், தெரியாமல். நீங்கள் கடற்கரையில் போய் இருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் மேல் தட்டு போட நினைத்தது நீங்கள் வருவதற்கு. நீங்கள் போட நினைத்தது இன்னும் இரண்டு வருடம் வராமல் இருப்பதற்கு.

நேற்று போன் எடுத்தீர்கள். "பாஸ் வந்தாரா? சந்தோஷம்தானே?" என்று கேட்டீர்கள். ஸ்பீக்கரில் எல்லோரும் இருந்தார்கள். "ஓம்" என்றேன். அது இன்னொரு பிழையான ஓம்.

அம்ஹாவுக்கு வீடு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது என்ன என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்லத் தெரிய வேண்டும் என்று இப்போதுதான் நினைக்கிறேன். கொஞ்ச நாள் தாருங்கள். கமராவையும் போர்டையும் கழற்றி வைத்திருக்கிறேன். கோபத்தில் இல்லை. நீங்கள் பார்க்கிறீர்கள் என்று தெரிந்தால் நான் நல்லவளாகவே யோசிக்கிறேன். அது இப்போதைக்கு உதவாது.

ஸுஹைறா


டோஹா
30.06.2024

ஸுஹைறா,

ஸலாம். உன் தோட்டம் என் போனில் கறுத்துப் போய்விட்டது. "தொடர்பு இல்லை" என்று மட்டும் காட்டுகிறது. உன் கடிதம் வருவதற்கு முன்னால், கரண்ட் போயிருக்கும் என்று இருந்தேன். பிறகு ரூட்டர் பழுதாக்கும் என்று இருந்தேன். நீ கழற்றி வைத்திருப்பாய் என்பது மட்டும் நினைவில் வரவில்லை.

இங்கே ஆயிரக்கணக்கான செடிகளின் நிலவரம் எனக்குத் தெரியும். எதற்குத் தாகம், எதற்கு வெளிச்சம் கூடிப்போச்சு, எல்லாம் திரையில் வரும். நீ சுபஹுக்கு எழும்பினாயா என்று தெரியவில்லை. இரண்டு திரையையும் வைத்துப் பார்த்துக்கொண்டு இருந்தேன். தட்டு என்று நீ எழுதியதை ஏன் வீடு என்று படித்தேன்? நாலு தட்டு இறாக்கை என்று அதே கடிதத்தில்தான் எழுதியிருக்கிறாய். என் கண் அதைத் தாண்டிப் போயிருக்கிறது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நீ பயப்படாதே.

எனக்கு ஊருக்கு வரப் பயமாக இருக்கிறது. கீழ் வீடு இப்போது ஸம்றாவின் வீடு. பஹ்மி நல்ல பிள்ளை, "மாமா, இருங்க" என்று கதிரையை விட்டு எழும்புவான். எத்தனை நாளைக்கு எழும்புவான்? நான் உன் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். அந்த வீடு இப்போது உன்னுடையதும் இல்லை. லீவில் வந்து போகிறவனுக்கு அது பரவாயில்லை, சூட்கேசை வைக்க ஒரு மூலை போதும். ஒரேயடியாக வந்தால் நான் எங்கே இருப்பது? அதை யாரிடமும் கேட்க முடியாமல்தான் மேல் வீடு, மேல் வீடு என்று இருந்தேன். அம்ஹாவுக்கு என்று சொன்னதும் பொய்யில்லை. ஆனால் வேலை முடியும் வரைக்கும் அந்தக் கேள்வியைத் தள்ளிப் போடலாம் பார்.

ஒப்பந்தக் கடதாசி வந்துவிட்டது. சட்டைப்பையில் உன் கடிதத்தோடு சேர்ந்து இருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பாஸிடம் வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன்.

சூடு கூடிய மாதம். தொட்டியை மூடி வை. தண்ணீர் கொதித்தால் வேர் அழுகும்.

மசூர்


சாய்ந்தமருது
04.08.2024

அன்பு மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். தொட்டியை மூடிவிட்டேன். ஈரச் சாக்கும் போட்டிருக்கிறேன்.

நான் எங்கே இருப்பது என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வியை மடியில் வைத்துக்கொண்டு பிளேட்டில் இருந்தேன். சீனி டின்னை எங்கே வைப்பது என்று நான் கேட்பதும் நீங்கள் கேட்பதும் ஒரே கேள்விதான், மச்சான். ஒரே வீட்டைக் கொடுத்துவிட்டு, இரண்டு நாட்டில் இருந்துகொண்டு தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அம்ஹாவிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கு ஊடு எப்ப வேணுமெண்டு நான் சொல்றன் உம்மா. வாப்பாவ அங்க வெச்சிக் கட்டின ஊட்டுல நான் எப்பிடி இருக்கிற? மறுகா, என்ட சென்சர கழட்டி வெச்சிரிக்கீங்களே, அத எப்ப பூட்டுற?" என்று கேட்டாள். பிள்ளை சொன்னதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் எழுதமாட்டேன். நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் முகட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள், எனக்கும் தெரியும். அந்த நாள் வரும்போது பயப்படுவோம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பயப்படுவோம்.

கச்சிமுகம்மது பாஸைக் கூப்பிட்டு, இறக்கிய கல்லுக்கு என்ன கட்டலாம் என்று கேட்டேன். "ஒரு ரூம் வரும் புள்ள, தகரம் போட்டா" என்றார். "அப்ப அந்த ரூமக் கட்டுங்க. இறாக்கைய அசைக்காம கட்டுங்க" என்றேன். "ஜன்னல்?" என்றார். நாலு பக்கமும் என்றேன். "நாலு பக்கமும் ஜன்னல் வெச்சா அது ரூம் இல்ல, கூடு" என்றார். நீங்கள் ஜன்னலே இல்லாத இடத்தில் வேலை செய்வதை அவருக்கு நான் சொல்லவில்லை. "கூடாவே இருக்கட்டும், கட்டுங்க பாஸ்" என்றேன். சுவர் எழும்பிவிட்டது. கிழக்கு ஜன்னலில் கடல் தெரிகிறது. அது ஸம்றாவின் வீடும் இல்லை, அம்ஹாவின் வீடும் இல்லை. செடிகளுக்குப் பக்கத்தில் நமக்கு ஒரு இடம். சீனி டின்னை அங்கே வைத்துவிட்டேன்.

இவ்வளவையும் எழுதித்தான் உங்களைக் கேட்கலாமென்று இருந்தேன். அதற்குள் நேற்று நீங்கள் போன் எடுத்தீர்கள். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, "நான் கையெழுத்துப் போடல்ல. செப்டம்பர்ல வாறன்" என்றீர்கள். உடனே பஹ்மி, "ஏன் மாமா, அங்க குளிரா?" என்று கேட்டார். நீங்கள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. ஸம்றா அழுதுகொண்டே சிரித்தாள். போன் என் கைக்கு வந்தபோது நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "சாப்பிட்டீங்களா" என்றுதான் கேட்டேன். வேறென்ன கேட்பது.

ஐந்தாவது தட்டையும் அம்ஹா பூட்டிவிட்டாள். மேல் தட்டு. வலையை அந்த இடத்தில் விலக்கியிருப்பதால் அதற்கு விளக்கே தேவையில்லை, வெயில் நேரே விழுகிறது. அதில் ஒன்றும் நடவில்லை. நீங்கள் வந்து நடுங்கள். ஊதா வெளிச்சம் பார்த்துப் பழகிய உங்கள் கண் வெயிலில் இலை எப்படி இருக்கும் என்று பார்க்கட்டும்.

கமராவையும் போர்டையும் திரும்பப் பூட்டியாயிற்று. இன்று காலையில் இருந்து உங்கள் போனில் மறுபடியும் வந்திருக்கும். ஒரு மாற்றம் மட்டும் செய்யச் சொன்னேன். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் அலாரம் அடிக்கும் நம்பர்களில் உங்கள் நம்பர் இருந்தது. செப்டம்பரோடு அதை எடுத்துவிடும்படி அம்ஹாவிடம் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு தண்ணீர் குறைந்தால், பக்கத்தில் படுத்திருக்கிறவரை நான் எழுப்பிக்கொள்கிறேன்.

உங்கள்
ஸுஹைறா